லைட்டிங்தான் தப்பு

"உங்கப்பாவை ஒரே கேஸட்ல உத்தமராக்கிக் காட்டறேன். அவர் கெட்டவரில்ல ஸ்ரீதேவி, அவர் மேல விழற லைட்டிங்தான் தப்பு" என்றான் கல்யாண வீடியோ எடுக்கும் சந்துரு.

"சும்னிரு, பேசாதே. சாமுண்டி மலை நடந்தே நஞ்சன்கூடு போனாலும் போகும், அப்பா நம்ம கல்யாணத்துக்குச் சம்மதிக்க மாட்டார்."

மைசூர் தியேட்டர் நாற்காலிகளையெல்லாம் தேய்த்து வளர்ந்தவன் சந்துரு. கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் வில்லன், ஸ்லோமோஷனில் நடந்தால் நல்லவன். மனிதர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொள்ளேகாலில் ஸ்ரீதேவியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். வீடியோ சந்துருதான். அவள் அப்பா ஆறுமுகசாமி சாம்பார் வாளியோடு பத்தடி நடந்ததை நாலு நிமிஷ ஸ்லோமோஷனாக்கி, வயலினும் சேர்த்தான்.

"பாசம் தெரியணும் சார், யாராவது பையன் தோள்ல கை போடுங்க."

பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த ஹனூர் உறவுக்காரப் பையன் மதனின் தோளில் கை விழுந்தது. தேவலோகமே பொறாமைப்படும் வெளிச்சத்தில் இருவரையும் படம்பிடித்தான் சந்துரு.

கேஸட் கொடுத்த பத்தாம் நாள் ஸ்ரீதேவி வந்தாள்.

"அப்பா அதைப் பதினோரு தடவை பார்த்துட்டார். இப்பல்லாம் யாரையும் திட்டறதில்ல. கேட் வரைக்கும் போறதுக்கே மெதுவா, நாலு நிமிஷம் நடக்கறார்."

"நம்ம கல்யாணம்?"

"கல்யாணம் தை மாசம். மதனோட."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

ஸ்ரீதேவி தலை குனிந்துகொண்டாள்.

"பதினோரு தடவையும் நானும் கூட உட்கார்ந்து மதனைப் பார்த்தேன் சந்துரு. அன்னிக்கு நான்தான் நம்பல. நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. எல்லாம் லைட்டிங்தான்."