பிம்ஸ் ஓடையில் வந்த பானை

ஓடையைத் துப்புரவாக்க வந்த காலேஜ் பிள்ளைகளில் பானையை முதலில் கண்டவள் இசபெல்தான்.

பாலத்துக்குக் கீழே, சேற்றில் புதைந்திருந்த ஒரு கடைத் தள்ளுவண்டியை இழுத்தபோது அதற்கடியில் கிடந்தது. வாயைத் துணியால் கட்டிய சின்ன மண்பானை.

பூச்சாடி என்று நினைத்துவிட்டாள், பாவம். தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கரையில் நின்ற பெர்னடெற் ரீச்சர், இதற்குள் போடு என்று குப்பைப் பையை விரித்தார்.

ஓடைக்குள் நின்ற பிரசாந்தினி கையிலிருந்த இடுக்கியைப் போட்டுவிட்டுப் பானையைப் பார்த்தாள்.

மண்பானை. வெள்ளைத் துணி. எட்மண்டனில் எங்கட சனத்தை விட்டால் வேறு யார் இப்படிக் கட்டித் தண்ணீரில் போடப்போகிறார்கள்?

"அது என்ர அப்பா" என்றாள். சொன்னது தமிழில் என்று பிறகுதான் தெரிந்தது. இங்கிலிசில் இன்னொருமுறை சொன்னாள்.

ஓடைக்குள் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இசபெல் பானையைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்திருக்கவும் ஏலாமல் அழத் தொடங்கினாள். பிரசாந்தினி போய் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அப்பா போனது அந்த வருடம், 2007 தை மாதம். ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு. பெரியப்பா குலசேகரத்தின் மகன் ரதீசன்தான் கொள்ளி வைத்தான். முப்பத்தோராம் நாள் சாம்பல் கரைக்கப் போனதும் பெரியப்பாவும் ரதீசனும்தான். பொம்பிளைப் பிள்ளைகள் அங்கெல்லாம் வரக்கூடாது என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். அவள் வீட்டில் நின்று வந்த ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

எங்கே கரைத்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, பிம்ஸ் ஓடை, பாலத்தடி, ஓடை லீ ஆற்றில் விழும், லீ தேம்ஸில் விழும், தேம்ஸ் கடலுக்குப் போகும் என்று பஸ் மாறுகிற மாதிரி வழி சொன்னார்.

அடுத்த மாதம் காலேஜில், சனிக்கிழமைகளில் நடக்கிற ஓடைத் துப்புரவுக்கு இன்னும் தொண்டர் வேண்டுமென்று அறிவித்தார்கள். முதல் ஆளாகக் கை உயர்த்தினாள். யூனிவர்சிற்றிக்கு அப்ளை பண்ண உதவும் என்று அம்மாவிடம் சொன்னாள். உதவியாவது மண்ணாவது! அப்பா கிடக்கிற தண்ணீரில் ஒரு சிப்ஸ் பேப்பர்கூட மிதக்கக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. பத்துச் சனிக்கிழமை வந்துவிட்டாள்.

நாங்கள் செய்தது குற்றமா, ஃபைன் கட்ட வேண்டிவருமா என்று ரீச்சரிடம் கேட்டாள். ரீச்சர் கையுறையைக் கழற்றிவிட்டு அவளுடைய முகத்தைத் துடைத்தார். சாம்பலைத் தண்ணீரில் விட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, என் தாயையும் அப்படித்தான் வழியனுப்பினேன், பானையை மட்டும் போடாமல் விட்டால் சரி என்றார்.

ரதீசனுக்குப் போன் எடுத்தாள். அப்பா கரையவேயில்லை, நீங்கள் பானையோடு போட்டுவிட்டீர்கள், உடனே பாலத்தடிக்கு வாங்கோ என்றாள்.

ரதீசன் குரலைத் தாழ்த்தினான்.

"பிரசா, அது சித்தப்பா இல்லையம்மா. சித்தப்பா எங்கட கராஜுக்குள்ள இருக்கிறார்."

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அன்றைக்கும் சனிக்கிழமையாம். பாலத்தடிக்கு வந்தது உண்மையாம். பானையை மடியில் வைத்தபடி காருக்குள் இருந்து பார்த்தால், ஓடைக்குள் மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஆட்கள், கையில் பெரிய இடுக்கிகள், பைகள். கவுன்சில்காரர் பிடிக்க நிற்கிறாங்கள், பிடிபட்டால் பாஸ்போட்டிலும் கை வைப்பாங்கள் என்று பெரியப்பா நடுங்கிப்போய்க் காரைத் திருப்பச் சொல்லிவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊரில் சண்டையால் மூடிய பாதை திறந்ததும் கீரிமலைக் கடலில் கரைக்கலாம் என்று கராஜில் வைத்தார்கள். பாதையும் திறக்கவில்லை, அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் பெரியப்பாவுக்கு வாயும் வரவில்லை.

பிரசாந்தினி குனிந்து தன்னைப் பார்த்தாள். மஞ்சள் ஜாக்கெட். இசபெலும் மஞ்சள் ஜாக்கெட். ரீச்சரும்.

ஆத்திரம் வந்தது. யாரில் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை. பத்துச் சனிக்கிழமையாக வெறும் தண்ணீரைக் காவல் காத்திருக்கிறாள்.

அப்படியென்றால் கையில் இருப்பது யார்? பெரியப்பாவைவிடத் துணிச்சலான யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்ட ஆள். யாருடைய அம்மாவோ, அப்பாவோ, யார் கண்டது.

ரீச்சர் பக்கத்தில் வந்து, கரைக்க ஆயத்தமா என்று மெல்லக் கேட்டார். பிள்ளைகள் தொப்பிகளைக் கழற்றிவிட்டுக் கரையில் வரிசையாக நின்றார்கள். இது என் அப்பா இல்லை என்று இப்போது சொன்னால் பானை பொலிசுக்குப் போகும், இல்லாவிட்டால் அந்தக் குப்பைப் பைக்குள் போகும்.

அவள் ஓடையின் நடுவுக்குப் போய்த் துணியை அவிழ்த்தாள்.

சாம்பல் சேறாகிக் கிடந்தது. கையால் அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டாள். தை மாதத்திலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. கராஜில் இருக்கிறவருக்கும் கையில் இருக்கிறவருக்கும் சேர்த்து அழுதாள்.

இசபெல் பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குச் சேர்ச் பூசையில் அவருக்காகச் செபிக்க வேண்டும், அவருடைய பெயர் என்ன என்று கேட்டாள்.

தண்ணீர் கலங்கி, பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பெயர் இல்லாமல் ஒரு ஆளை எப்படி அனுப்புவது?

பிரசாந்தினி தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.