ஊசிவால் இன்னும் கிளம்பவில்லை

“செத்த வாத்துக்கு இம்புட்டுத் தூரம் பெட்ரோல் போட்டு...”

“சாகலலே! உயிரோடதான்...”

“...இல்லன்னா எவனோ பிடிச்சுக் கூட்டுல போட்டு வளக்கான்னு நானும் அப்பந்தொட்டு...”

“வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டுலே பெனோ!”

சேரன்மகாதேவி சாலையில் பைக் போய்க்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சுப்ரஜா கைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஆற்றின் நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி.

இந்தப் பனிக்காலத்தில் அவள் மூன்று ஊசிவால் வாத்துகளின் முதுகில் வெயிலில் மின்னேறும் கட்டைவிரல் அளவு கருவியைக் கட்டிப் பறக்கவிட்டிருந்தாள். அவை போகிற இடமெல்லாம் வரைபடத்தில் புள்ளியாக விழும். இரண்டு வாத்துகள் செத்துவிட்டன. மூன்றாவதாவது இமயம் தாண்டிப் போய்ச் சேர்ந்தால்தான் அவளுடைய ஆராய்ச்சிக்கு உயிர். இல்லையென்றால் இத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பங்குனி வெயில் ஏறியதும் குளத்து வாத்துகள் எல்லாம் வடக்கே போய்விட்டன. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில், ‘எங்கள் குளம் காலி’ என்று ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். சுப்ரஜா மட்டும் தினமும் ‘ஊசிவால் இன்னும் கிளம்பவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். நடுவில் சில நாள் ஒரே இடத்தில் கிடந்த புள்ளி மறுபடி நகர்ந்தபோது, குழுவில் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கேன். எந்த வாத்தாவது ரோட்டோட சேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு போகுமா? காலைல டீக்கடைப் பக்கம், மத்தியானம் பஸ் ஸ்டாண்டு, ராத்திரி ஒரே வீடு. டிக்கெட் எடுத்துட்டுப் போகுதோ என்னவோ!”

“அது ரோடு இல்ல, கால்வாய். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் போகுது. வயல்ல மேஞ்சிட்டுக் கால்வாய்ல இறங்குது, அவ்வளவுதான்.”

“அப்பம் நேத்து சாயங்காலத்துலருந்து ஏன் அசையல?”

“ஆத்துல உக்காந்திருக்கு. படித்துறைக்கு எதுக்க ஆழமா கசம் கெடக்குல்லா, அங்கன. பெரிய பயணத்துக்கு முன்னால தண்ணில கெடந்து ஓய்வெடுக்கும். நாணலுக்குள்ள ஒதுங்கிட்டா சிக்னல் வராது.” அவள் குரல் தேய்ந்தது. “நாளைக்குக் கிளம்பிரும் பாரு.”

“மொதல்ல வீடு. அப்புறம் உன் ஆறு.”

புள்ளி ராத்திரிதோறும் தங்கிய வீடு தெருக்கோடியில் இருந்தது. ஓட்டு வீடு. பக்கவாட்டில் ஒரு கோழிக்கூடு கவிழ்ந்து கிடந்தது. பெனோ அதைக் கண்ணால் காட்டிச் சிரித்தான்.

வாசற்படியில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துவீட்டுக்காரி, “கோமக்கா, ஒரு வாய் காப்பியாவது குடிங்க” என்று தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். சுப்ரஜாவைக் கண்டதும் கோமு எழுந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியளாம்மா! வருவியன்னு எனக்குத் தெரியும். விடிஞ்சதுலருந்து வாசல்லயே கெடக்கேன்.”

நான் சொன்னேன்லா என்று பெனோ ஒரு பார்வை பார்த்தான்.

“எங்கள உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?”

“பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டுப் பேசுன பிள்ளல்லா நீங்க? இந்தக் கருவி கட்டிவிட்டா எங்க போனாலும் எங்களுக்குத் தெரிஞ்சிரும், தொலையவே தொலையாதுன்னு சொன்னியளே.”

“ஆமா பெரியம்மா. வாத்து எங்க? பிடிச்சு வச்சிருந்தா குடுத்துருங்க. உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

“வாத்தா?” கோமுவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. “அது மாசி மாசமே வாய்க்கால்ல செத்துல்லா கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. தூக்கிட்டு வந்து புறவாசல்ல முருங்கைக்கு அடில புதைச்சேன்.”

சுப்ரஜா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “மூணும் போச்சுலே” என்றாள்.

பெனோவின் சிரிப்பு போய்விட்டது. “கருவில போன் நம்பர் போட்டிருக்குல்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! செத்த வாத்தோட கருவிய வச்சுக்கிட்டு ஊரச் சுத்துதது யாரு?”

“தப்புதான் ராசா. சொன்னா பிடுங்கிட்டுப் போயிருவியன்னு சொல்லல.” கோமு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. டீக்கடைக்குப் போவாக. பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துக்கிடுவாக. திரும்பி வர வழி தெரியாது, யாராவது கூட்டியாந்து விடணும். அதான் அவுக சட்டைத் தோள்ல வச்சுத் தச்சுவிட்டேன். வெயில் படணும்னு நீங்கதான சொன்னிய.”

சுப்ரஜாவின் மடியில் கைபேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது. நீலத்துக்கு நடுவே அசையாத சிவப்புப் புள்ளி. பெனோ மெல்லக் குனிந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான்.

“நேத்து சாயங்காலம் வெளிய போனவுக. ராத்திரி பூரா தெருவே தேடிச்சு, கெடைக்கல. அப்புறந்தான் எனக்கு உங்க நெனப்பு வந்துச்சு.” கோமு சுப்ரஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தாள்.

“பாத்துச் சொல்லுங்கம்மா, இப்பம் எங்கன இருக்காக?”