திறக்காத கண்

"கையைப் பிடிக்க மாட்டேன்னா என்னம்மா அர்த்தம்?"

"பிடிக்க மாட்டேன்னுதான் சார் அர்த்தம்."

"அட, இது ஃபைபர் சிலைம்மா!"

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே சார்."

இயக்குநர் சற்குணமும் நடிகை பூரணியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலத்தில் பின்னோக்கிப் போகும் அந்தத் தொலைக்காட்சித் தொடரில் பூரணிக்கு அருங்காட்சியகக் கலை நிபுணர் வேடம். வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்ட அம்மன் சிலைக்குக் கண் திறக்கப்படவே இல்லை; அது நம்முடையதுதான் என்று நிரூபிக்க, மீட்பு வழக்கில் இருக்கும் ஒரே அடையாளம் அதுதான். ஆகவே அவள் சோழர் காலத்துக்குப் போய், கண் திறக்க உளியெடுக்கும் சிற்பியின் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

"திறந்துட்டா கேஸ் தோத்துரும். கதையே முடிஞ்சுது."

"திறக்கலேன்னா அது சாமியே ஆகாதே சார். என்னாலயா அவ இத்தனை காலம் இருட்டுல நிக்கணும்?"

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா, கை கடுக்குது," என்றார் உளியோடு நின்ற சிற்பி வேடக்காரர்.

"தாயே, முடியலேன்னா சொல்லிடு. நாளைக்கே வேற நிபுணர் வந்துருவாங்க," என்றார் சற்குணம்.

பூரணி போய்த் தன் இடத்தில் நின்றாள். கேமரா ஓடியது. உளி இமையருகே வந்ததும் சிற்பியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கட்! பிரமாதம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பிடியை விடாமலே திரும்பினாள்.

"கேஸ் ஜெயிச்சு ஊருக்குக் கொண்டு வந்தப்புறமாவது, யாராவது இவ கண்ணைத் திறக்கிற மாதிரி சீன் இருக்கா சார்?"