ஓடுகாலி ஆடு

"ஆட்டப் புடிங்க, ஆட்டப் புடிங்க" என்று கத்திக்கொண்டே தைலம்மாள் ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. ஒருவரும் ஆட்டைப் பிடிக்கவில்லை. அவளுக்கும் அதுதான் வேண்டும்.

ஆட்டை அவிழ்த்துவிட்டதே அவள்தான்.

சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது, தினமும் ஓடியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அம்மாவின் காலை எடுத்ததும் இதே சர்க்கரைதான். பள்ளிக்கூடத்தில் எண்ணூறு மீட்டரில் முதலாவதாக வந்தவளுக்கு ஓடுவதா கஷ்டம்? ஊர்தான் கஷ்டம். முதல் நாள் ஓடியதுமே ஓரகத்தி ராணியம்மாள் வந்து, "பேரன் எடுக்கற வயசுல இன்னா ஓட்டம்? மானம் போவுது" என்று தைலம்மாளின் கணவர் காசிநாதனிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். தைலம்மாள் அன்றே நின்றுவிட்டாள்.

ஆட்டின் பின்னால் ஓடினால் மட்டும் யாரும் குறை சொல்வதில்லை.

காசிநாதன் கரும்பு லோடு கட்டுகிறவர். அவர் கட்டினால் ஆலை வாசல்வரை ஒரு கழிகூட நழுவாது. வீட்டில் ஆட்டை மட்டும் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டுவைப்பார். களைத்துப்போன கை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

நான்கு மாதத்தில் சர்க்கரை இருநூறுக்கு இறங்கியது. அப்புறம் ஆடு சினையானது. அவிழ்த்துவிட்டாலும் நின்ற இடத்திலேயே அசைபோட்டது. தட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், நகரவில்லை. மூன்று வாரம் வீட்டோடு கிடந்ததில் அவளுக்குப் பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. ஆடாவது அடங்கியதே என்று ராணியம்மாள் சந்தோஷப்பட்டாள்.

சந்தை நாளன்று காசிநாதன் கயிற்றைக் கையில் எடுத்தார்.

"இத வித்துட்டு வரேன்."

வேண்டாமென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். தைலம்மாள் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். ஆடு தெருமுனை திரும்பியதும் அழுகை வந்தது. இனி வாசலைத் தாண்ட அவளுக்கு ஒரு சாக்கும் இல்லை.

சாயங்காலம் அவர் வேறோர் ஆட்டோடு வந்தார். ஒல்லி உடம்பு, நீளக் கால்கள், நிற்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதை முளையில் கட்டினார். அதே முடிச்சு.

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இது கெடா, தைலு. சினையாவாது, ஓடிக்கினே இருக்கும்."