தலைவர் பேசி முடிக்கும் வரை

"தம்பி, மூணு கதவும் ஒரே நேரத்துல 'டக்'குனு பூட்டணும். அந்தச் சத்தம் மேடை வரைக்கும் கேக்கணும்."

"அப்படி வேணாம் சேர். மூணு கொண்டியும் ஒண்ணா இழுத்தா கரண்ட் அளவுக்கு மேல போகும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா பூட்டத்தான் இந்தக் கன்ட்ரோலர் பெட்டியில வசதி வச்சிருக்கு" என்றான் ஜெயகாந்த், ஏணியில் நின்று வயரின் தோலைச் சீவிக்கொண்டே.

"ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணுன்னா, மூணாவது கதவால பாதிப் பேரு போயிருவாங்க. எங்க ஆளுங்களப் பத்தி உனக்குத் தெரியாது."

ராஜநாயகத்துக்கு நன்றாகவே தெரியும். தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது உக்குவளைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் பங்குச் சபைத் தலைவர். ஆண்டு விழாவில் 'தலைவர் உரை' என்று அறிவித்ததுமே ஆட்கள் ஒவ்வொருவராக எதிரிலுள்ள தேநீர்க் கடைக்கு நழுவிவிடுவார்கள். போன வருடம் உரை முடிந்தபோது மிஞ்சியிருந்தது அவருடைய மனைவி மார்ஜரி ஒருத்திதான். அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மனிதர் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒரே ஒரு தடவை, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஊரே உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்க வேண்டும். அது போதும் அவருக்கு.

புது மண்டபத்துக்கு மின்சாரக் கொண்டி எதற்கு என்று சபையில் கேட்டபோது, கள்ளன் உள்ளே வராமலிருக்க என்றார். உண்மையில், உள்ளே இருப்பவன் வெளியே போகாமலிருக்கத்தான்.

"சேர், நெருப்பு மணி அடிச்சாலோ, கரண்ட் நின்னாலோ கொண்டி தானா விட்டுரும். அத மட்டும் மாத்தச் சொல்லிறாதீங்க. ஆளுங்க உயிர் விஷயம்."

"அது உன் இஷ்டப்படியே இருக்கட்டும். எனக்கு 'டக்' வேணும்."

ஜெயகாந்த் பெருமூச்சு விட்டு வயரை மாற்றினான்.

விழாவன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. ஃபாதர் ஒலிபெருக்கியில் "அடுத்து, தலைவர் உரை" என்றதுமே பின்வரிசையில் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. ராஜநாயகம் மேசைக்கு அடியிலிருந்த சுவிட்சைத் தட்டினார்.

டக்!

"அன்பான பங்கு மக்களே, இது புது ஏற்பாடு. நான் பேசி முடித்தால்தான் கதவு திறக்கும்" என்று புன்னகையோடு அறிவித்தார்.

எப்போதும் முதல் ஆளாக நழுவுகிற இந்திரகுமார் இதை நம்பவில்லை. எழுந்து வாசற்கதவுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொன்னார். ராஜநாயகத்துக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பூட்டு வேலை செய்கிறது!

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். வரிசை வரிசையாகக் குசுகுசுப்பு பரவி, அப்படியே அடங்கியது. புஷ்பவதி டீச்சர் எழுந்து ஜன்னல்களைச் சத்தமில்லாமல் சாத்தினார். ரோட்டு இரைச்சல் உரைக்கு இடைஞ்சலாக இருக்கிறது போலும்! யாரோ மின்விசிறியைக்கூட நிறுத்தினார்கள். ஒரு குழந்தை சிணுங்கியபோது நாலு பேர் சேர்ந்து அதன் வாயைப் பொத்தினார்கள்.

கல்லறை மதில் மழையில் இடிந்து விழுந்த கதையை ராஜநாயகம் சொன்னபோது, பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். அழுகிறார்களா?

"இத்துடன் என் உரையை முடித்து..."

"முடிச்சிறாதீங்க!" என்று ஃபாதர் தாழ்ந்த குரலில் சொல்லி அவர் கையைப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் பேசுங்க. ஆளுங்க இப்படியே அமைதியா இருக்கட்டும்."

இப்படி ஒரு வார்த்தையைப் பிறந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் சொன்னதில்லை. போன வருடம் யாருமே கேட்காமல் வீணான உரையையும் சேர்த்துப் பேசினார். ஒருவர் அசையவில்லை. ஒருவர் இருமவில்லை.

ஒருவழியாகத் தொண்டை வறண்டு அவர் உட்கார்ந்தபோது, மேடைக்குப் பின்னாலிருந்து ஜெயகாந்த் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சேர், மன்னிச்சுக்குங்க. மூணும் ஒண்ணா இழுத்ததுல அப்பவே கன்ட்ரோலர் பெட்டி ஃபியூஸ் போயிருச்சு. மாத்திப் போட வேற ஃபியூஸ் எங்கிட்ட இல்ல. கதவு எதுவும் பூட்டியிருக்கல."

"என்னாப்பா சொல்ற? முதல்லருந்தே பூட்டலையா?"

"ஆமா சேர். லேசாத் தள்ளினாலே தெறந்திருக்கும்."

ராஜநாயகம் திகைத்துப்போய்க் கூட்டத்தைப் பார்த்தார். அப்படியென்றால் இத்தனை பேரும் தாங்களாகவே உட்கார்ந்திருந்தார்களா? மார்ஜரியைப் பார்த்தார். அவள்கூடக் கண்ணை அகல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது.

மேடையிலிருந்து இறங்கி, நடுவழியாக நடந்து, வாசற்கதவின் முன்னால் போய் நின்றார்.

"என் மக்களே! இந்தக் கதவு பூட்டவே இல்ல! நீங்க நினைச்சிருந்தா எப்பவோ போயிருக்கலாம். இருந்தும் எனக்காக இருந்தீங்களே!" என்று தழுதழுத்தபடி, எல்லோருக்கும் வழிவிடக் கதவில் கை வைத்தார்.

மண்டபமே சேர்ந்து அலறியது. அத்தனை குரலுக்கும் மேலே மார்ஜரியின் குரல் கேட்டது: "என்னங்க, தெறந்துறாதீங்க! வாசல்ல குளவிக்கூடு கலைஞ்சு கெடக்கு!"