ரிமோட் யார் கையில்?

"அவங்ககிட்டயே கேளுங்க. எனக்கு எதுவா இருந்தாலும் சரி" என்றார் கண்ணாடிக்காரர்.

டிவி கடை விற்பனையாளர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். நாற்பதை நெருங்கும் வயது. கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. டூட்டி முடிந்து நேராகக் கடைக்கு வந்திருக்கும் நர்ஸ் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எதுவா இருந்தாலும் சரின்னு சொல்றவங்களைக் கண்டாலே எனக்குப் பயம்" என்று அவளும் விற்பனையாளரிடமே சொன்னாள். "வீட்டுக்குப் போனப்புறம்தான் எதுவுமே சரியில்லன்னு தெரியவரும். மனசுல இருக்கறதை இங்கயே சொல்லச் சொல்லுங்க."

விற்பனையாளருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். வருகிற தம்பதிகளை வாசலிலேயே எடை போட்டுவிடுவார். இவர்கள் ஒன்றாகக்கூட வரவில்லை. கண்ணாடிக்காரர் ஸ்கூட்டரில் வந்து காத்திருந்தார், இவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இருவருக்கும் நடுவில் ஒரு பிரிட்ஜை நிறுத்தலாம், அவ்வளவு இடைவெளி. அதிலும் மனைவியை 'அவங்க, இவங்க' என்கிறார் மனுஷர். வீட்டில் சண்டை முற்ற முற்ற மரியாதை ஏறும் என்பது விற்பனையாளரின் சொந்த அனுபவம். ஞாயிற்றுக்கிழமை முதல் அவர் வீட்டிலும் பேச்சுவார்த்தை கிடையாது.

டிவி விற்கிறதோ இல்லையோ, இந்த இரண்டு பேரையும் முகம் பார்த்துப் பேச வைத்துத்தான் அனுப்புவது என்று தீர்மானித்தார். கண்ணெதிரே ஒரு குடும்பம் உடைந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை.

"சார், கூச்சப்படாம சொல்லுங்க. உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கி, சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற பெரிய டிவியைக் காட்டினார். அதில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்துப் புல்லை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

"நிஜத்தைச் சொன்னா, அதுதான். மேட்ச் பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

"இப்பதான் உண்மை வெளியில வருது" என்றாள் நர்ஸ். "சுவர் முழுக்க டிவியே இருந்தா, வீட்டுல மனுஷங்க எங்க இருக்கறதாம்?"

"மேடம் சொல்றதும் சரி" என்று விற்பனையாளர் குறுக்கே புகுந்தார். "பெரிசுன்னா நல்லா தள்ளி உக்காரணும். இந்த ஐம்பது இன்ச்சும் அதே தெளிவுதான், சின்ன ஹாலுக்கும் பொருந்தும். உங்க ஹால் எவ்வளவு நீளம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அளக்கல" என்றார் கண்ணாடிக்காரர்.

விற்பனையாளர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். ஹாலைக்கூட அளக்காமல் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்றால் வீட்டில் என்ன ரகளை நடந்ததோ.

"அளவு கிடக்கட்டும். ரிமோட் யார் கையில இருக்கும்னு கேளுங்க" என்றாள் நர்ஸ்.

கண்ணாடிக்காரர் பரீட்சை எழுதுகிறவர் போல யோசித்தார். "யார் முதல்ல வந்து உக்காந்தாங்களோ அவங்க கையில. செய்தி நேரத்துல மட்டும் எனக்கு வேணும்."

"செய்தியா, நாலு பேர் சேர்ந்து கத்தறதான்னு கேளுங்க."

"செய்திதான். கத்த ஆரம்பிச்சா நானே அணைச்சிடுவேன்."

நர்ஸின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இதுதான் சமயம் என்று விற்பனையாளர் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர் இன்ச்சை விட்டுக்கொடுத்தா இன்னொருத்தர் சேனலை விட்டுக்கொடுக்கணும். குடும்பம்னா அவ்வளவுதான்."

"உங்க வீட்டுல அப்படித்தானா?"

"எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமைலேருந்து பேச்சே இல்ல மேடம்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடிக்காரர் ஐம்பது இன்ச் டிவியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"இதுல சத்தமே வெளியில வராம, காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கற வசதி இருக்கா?"

"இருக்கு சார். எதுக்கு?"

"அவங்களுக்கு நைட் டூட்டி வரும். பகல்ல தூங்கணும். நான் மேட்ச் பாக்கறேன்னு அவங்க தூக்கம் கெடக் கூடாது."

நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் தூக்கத்தைப் பத்தி இதுவரைக்கும் யாரும் யோசிச்சதில்ல" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் யோசிக்கிறாரா இந்த மனுஷர் என்று விற்பனையாளருக்குக் கோபம்கூட வந்தது. இப்போதாவது யோசித்தாரே என்று ஆறுதலும் வந்தது.

"அந்தப் பெரிசையே எடுத்துக்கலாம்" என்றாள் நர்ஸ், முதல்முறையாக நேராக அவரிடம்.

"வேண்டாம். ஐம்பதே போதும்" என்றார் அவர்.

"மேட்ச் பாக்கணும்னீங்களே?"

"ஐம்பதுலயும் பந்து தெரியும்."

விட்டுக்கொடுப்பதிலும் சண்டைதான். ஆனால் நடுவில் இருந்த பிரிட்ஜ் இடைவெளி எப்போதோ காணாமல் போயிருந்தது. எடுத்த காரியம் முடிந்தது என்று விற்பனையாளருக்கு மனசு நிறைந்துவிட்டது. இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தானே முதலில் பேசிவிடுவது என்றும் முடிவு செய்தார்.

"அப்ப ஐம்பதுக்கு பில் போட்டுடலாமா?"

"ஒரு நிமிஷம். அம்மாகிட்டப் பேசிடறேன்" என்று நர்ஸ் போனை எடுத்தாள்.

"அம்மா, அவங்க வீட்டுக்குத் தகவல் சொல்லிடு. எனக்குச் சம்மதம். போன தடவை காபிக் கடையில கால் மணி நேரம் பாத்துட்டுத் தலையை ஆட்டி, அப்புறம் வருஷக்கணக்கா அழுதேன். இந்தத் தடவை மாப்பிள்ளையை டிவி கடைக்கு வரச் சொல்லிப் பாத்தது நல்லதாப் போச்சு."