அசலின் பின்பக்கம்

தையல் டீச்சர்கள் எல்லாரும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், பழைய சான்றிதழின் பின்பக்கத்தில் புது முத்திரை இருந்தால்தான் ஜூன் மாதம் வகுப்பு என்று உத்தரவு வந்திருந்தது. பாக்கியசீலி டீச்சர் அந்த ஒற்றைத் தாளை இருபத்தாறு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவள். பூச்சி அரிக்கக் கூடாது, ஈரம் படக் கூடாது என்று வேலை கிடைத்த வாரமே லேமினேஷன் போட்டிருந்தாள். கல்வி அலுவலகத்து கிளார்க் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் மேல மை நிக்காது டீச்சர். பிரிச்சு எடுத்துட்டு வாங்க. நாலு மணி வரைக்கும்தான்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். தைப்பதைவிடப் பிரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை. துணி நோகாமல் தையலை எடுக்கிற மாதிரியே, ஓரத்தில் முனையைக் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நூலளவு நூலளவாக உரித்தாள். தாள் எங்கேயும் கிழியவில்லை. பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் பெயர், அப்பா பெயர், தேர்ச்சி பெற்ற வருஷம் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு, இடம் வலம் மாறித் தொங்கின. தாளில் ஒன்றுமில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. தாளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். கிளார்க் முத்திரையை ஓங்கிக் குத்தினார். 'அசல் சரிபார்க்கப்பட்டது' என்று தேதியோடு பளிச்சென்று விழுந்தது. பிறகு பதிவேட்டில் பெயர் எழுதுவதற்காகத் தாளைத் திருப்பினார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"யாரோடதும்மா இது?"